ஒரு வீட்டின் ஐந்து மரணங்களும் ஒன்பது பக்கக் கட்டுரையும்: ஸ்டைன்ஷ்னைடரின் மூச்சுநிறுத்தக் கருதுகோள், ஒரு நிகழ்வு ஆய்வு

1972 அக்டோபரில் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர் ஆல்ஃப்ரெட் ஸ்டைன்ஷ்னைடர். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில், அப்ஸ்டேட் மருத்துவ மையத்தில் குழந்தை மருத்துவராக இருந்தவர். உளவியலிலும் முனைவர் பட்டம் பெற்றவர். கட்டுரையில் ஐந்து குழந்தைகளின் விவரம் இருந்தது. உறக்கத்தில் 15 வினாடிக்கு மேல் நீளும் மூச்சுநிறுத்தமே தொட்டில் மரணத்தில் (ஆரோக்கியமாகத் தெரிந்த சிசு காரணம் புலப்படாமல் உறக்கத்தில் இறந்துபோவது; திடீர் சிசு மரணம் என்றும் பெயர்) கொண்டுபோய் முடிக்கிறது, அப்படி மூச்சு நிற்கும் குழந்தைகளை முன்கூட்டியே அடையாளம் காண வழி இருக்கிறது என்பது அவர் முன்வைத்த கருதுகோள். ஐவரில் இருவர் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இருவரும் இறந்துபோனார்கள். அவர்களுக்கு முன்பே அதே வீட்டில் மூன்று குழந்தைகள் இறந்திருந்தன.

அடுத்த இருபது ஆண்டுகள் தொட்டில் மரண ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்தக் கட்டுரை காட்டிய திசையிலேயே போனது. 1995-ல் அந்தத் தாய் ஐந்து கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். அதனால் இது பெரும்பாலும் குற்றக் கதையாகவே சொல்லப்படுகிறது. கட்டுரையை அளவீட்டுக் கண்ணோடு படிப்பவருக்கு நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்படாது. அதில் எது கருவியில் பதிவானது, எது வாய்மொழியாக வந்தது என்று பிரித்துப் பார்த்தாலே போதும். கருதுகோள் நிற்பதற்கு இடம் இல்லாமல் போய்விடும்.

பச்சைக் குழந்தையின் மூச்சு

பிறந்த குழந்தை பெரியவர்களைப் போல ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. சில வினாடி நிறுத்தம், பிறகு வேகமாகச் சில மூச்சுகள், மறுபடி நிறுத்தம் என்று அலையலையாக வரும். மூன்று வினாடிக்குக் குறையாத நிறுத்தங்கள் குறைந்தது மூன்று, இடையில் 20 வினாடிக்கு மேல் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வந்தால் அதற்குச் சுழல் மூச்சு என்று பெயர். குறைமாதக் குழந்தைகளில் இது மிகச் சாதாரணம். நிறைமாதக் குழந்தைகளிலும் முதல் சில வாரங்களில் காணலாம். கண்கள் துடிக்கும் கனவுநிலை உறக்கத்தில் நிறுத்தங்கள் கூடும். சிசுவின் உறக்கத்தில் ஏறக்குறைய பாதி அந்த நிலையில்தான் கழிகிறது. அப்போது விலா எலும்பிடைத் தசைகள் தளர்ந்துவிடுவதால், மூச்சை வெளிவிட்ட பின் நுரையீரலில் தங்கும் காற்றும் குறைகிறது. சேமிப்பு குறைவு என்பதால் சிறு நிறுத்தத்திலேயே ஆக்சிஜன் அளவு சட்டென்று இறங்கும்.

மருத்துவத்தில் பின்னாளில் நிலைத்த வரையறை 20 வினாடி. அதைவிடக் குறுகியதானாலும் நீலம் பாரித்தல், வெளிறிப்போதல், உடல் துவளுதல், இதயத்துடிப்பு மந்தமாதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். இந்த 20 வினாடி, கண்காணிக்க வசதியாக வைத்துக்கொண்ட ஒரு கோடு மட்டுமே. அதைத் தாண்டும் குழந்தைதான் பிற்பாடு இறக்கும் என்று யாரும் அளந்து காட்டிவிட்டு அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஹாய்ட் வீட்டுக் குழந்தைகள்

கட்டுரையில் ‘எம்.எச்.’, ‘என்.எச்.’ என்று குறிக்கப்பட்டவர்கள் மாலி, நோவா. பெற்றோர் நியூயார்க் மாநிலத்தின் டயோகா மாவட்டத்தில், நியூவார்க் வேலி என்ற ஊர்ப்பக்கம் வாழ்ந்த வனீட்டா ஹாய்ட், டிம் ஹாய்ட் தம்பதி. முதல் மகன் எரிக் 1965 ஜனவரியில், மூன்று மாதத்தைக் கடந்தபோது இறந்தான். 1968 செப்டம்பர் 5 அன்று 48 நாள் குழந்தை ஜூலி. அதே மாதம் 26-ஆம் தேதி ஜேம்ஸ்; அவனுக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம்.

ஜேம்ஸிடம் நின்றுவிட வேண்டும். தொட்டில் மரணங்களின் உச்சம் இரண்டு முதல் நான்கு மாத வயதில். சுமார் 90 விழுக்காடு ஆறு மாதத்துக்குள் நடந்து முடிந்துவிடும். நடந்து, ஓடி, பேசத் தொடங்கிய 28 மாதப் பிள்ளை திடீரென்று இறந்தால் அதைத் தொட்டில் மரணம் என்று எளிதில் எழுதிவிட முடியாது. 1969-ல் சியாட்டிலில் கூடிய மாநாட்டில் நோயியலர் புரூஸ் பெக்வித் முன்வைத்த வரையறையே, முழுமையான பிரேதப் பரிசோதனைக்குப் பிறகும் காரணம் தெரியாமல் இருக்க வேண்டும் என்றது. ஜேம்ஸின் மரணம் குடும்ப வரலாற்றில் ஒரு வரியாகக் கட்டுரையில் வந்து போகிறது. ஆசிரியர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாலி 1970 மார்ச் 18-ல் பிறந்தாள். தன் குறுகிய வாழ்நாளில் பெரும்பகுதியைச் சிரக்யூஸ் மருத்துவமனையில் கழித்தாள். வீட்டுக்கு அனுப்பினால் மூச்சு நின்றதாகவும் நீலம் பாரித்ததாகவும் சொல்லித் திரும்பக் கொண்டுவருவார்கள். ஜூன் 4 அன்று மானிட்டரோடு, அதாவது மூச்சு நின்றால் மணி அடிக்கும் கருவியோடு, வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் இறந்தாள், வயது 79 நாள். நோவா 1971 மே 9-ல் பிறந்தான். அவனும் ஜூலை 27-ல் வீடு திரும்பி மறுநாளே இறந்தான், வயது 80 நாள்.

கட்டுரையைப் பிரித்துப் படித்தால்

இரு குழந்தைகளைப் பற்றிய தகவல்களும் இரண்டு வகை. முதலாவது, ஆய்வகத்தில் உறங்கும்போது மார்பசைவையும் மூக்குக் காற்றையும் இதயத்துடிப்பையும் தாளில் பதிந்த பதிவுகள். அதில் தென்பட்டவை பெரும்பாலும் குறுகிய நிறுத்தங்கள், அதிகமும் கனவுநிலை உறக்கத்தில். ஏறக்குறைய எந்த இளங்குழந்தையிடமும் காணக்கூடியவை. இரண்டாவது, உயிருக்கே ஆபத்தான பெரிய நிகழ்வுகள். உலுக்கியும் வாயில் ஊதியும் மீட்டதாகச் சொல்லப்பட்டவை. இவை நடந்தது வீட்டில். பார்த்தவர் ஒருவர், தாய்.

கட்டுரை இந்த இரண்டையும் ஒரே தொடர்ச்சியாக வைத்தது. சிறு நிறுத்தம் வளர்ந்து பெரிய நிறுத்தமாகி மரணத்தில் முடிகிறது என்ற சங்கிலிக்கு நடுக்கண்ணி கருவியில் ஒருபோதும் சிக்கவில்லை. வாரக்கணக்கில் மருத்துவமனையில் இருந்த குழந்தைக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை, வீட்டு வாசலைத் தாண்டியதும் ஆகிறது என்றால், முதலில் கேட்க வேண்டியது இடம் மாறும்போது வேறென்ன மாறுகிறது என்பதைத்தான். வார்டு நர்ஸ்கள் இதைக் கவனித்திருந்தார்கள். குழந்தை நன்றாக இருப்பதும், தாய் அதைத் தூக்கி அணைக்காமல் ஒதுங்கியிருப்பதும் தங்களுக்கு உறுத்தியதாக அவர்களில் சிலர் 1995 வழக்கு விசாரணையில் சாட்சி சொன்னார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் குழந்தையோடு இருப்பவர்களின் குறிப்பேட்டை ஆய்வுத் தரவாக எண்ணும் பழக்கம் அப்போது இல்லை. இப்போதும் எத்தனை இடத்தில் இருக்கிறது என்பது வேறு பேச்சு.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான குழந்தைகளின் குழு கட்டுரையில் இல்லை. இதே அளவு நிறுத்தம் உள்ள பத்தாயிரம் குழந்தைகளில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற விகிதமும் இல்லை. முன்கணிப்பு பற்றிப் பேச இந்த இரண்டும் இல்லாமல் முடியாது. ஐந்து பேரை வைத்து அதைச் செய்யவும் முடியாது. அதற்காக ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை, சிறு நிகழ்வுத் தொகுப்புகள் கருதுகோளை எழுப்பத்தான் எழுதப்படுகின்றன. கருதுகோளைச் சோதிக்காமலே சாதனமாக மாற்றியதுதான் கோளாறு.

சந்தேகம் அப்போதே எழுந்தது. மினியாப்போலிஸைச் சேர்ந்த ஜான் ஹிக் என்ற குழந்தை மருத்துவர் 1973-ல் அதே இதழுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் குடும்பத்தில் குழந்தைக்குத் தீங்கு செய்யப்பட்டிருக்கும் வாய்ப்பை ஏன் பரிசீலிக்கவில்லை என்று நேரடியாகவே கேட்டார். ஸ்டைன்ஷ்னைடரின் பதிலும் அச்சானது. விவகாரம் அத்தோடு அடங்கிவிட்டது.

கருதுகோள் கருவியாக மாறியது

1974-ல் அமெரிக்க நாடாளுமன்றம் திடீர் சிசு மரணத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றி ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கியது. காரணமே தெரியாமல் பிள்ளையை இழந்து, அண்டை அயலாரின் சந்தேகப் பார்வையையும் சுமந்த பெற்றோர்களுக்கு மூச்சுநிறுத்தம் என்ற விளக்கம் பெரும் ஆறுதல். அளக்க முடிகிறது, எச்சரிக்கை மணி அடிக்க வைக்க முடிகிறது, ஏதோ செய்ய முடிகிறது. ஸ்டைன்ஷ்னைடர் பிறகு பால்டிமோரில் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்குப் போனார்; 1983-ல் அட்லாண்டாவில் அமெரிக்கன் சிட்ஸ் (SIDS, திடீர் சிசு மரணம்) இன்ஸ்டிடியூட்டை நிறுவினார். உறக்கப் பதிவு எடுத்து, நிறுத்தங்களை எண்ணி, ‘ஆபத்துள்ள’ குழந்தையை வீட்டு மானிட்டரோடு அனுப்புவது நாடெங்கும் பரவியது. முன்பு இறந்த குழந்தையின் தம்பி தங்கைகளுக்கும் அது வழக்கமானது.

அந்த மானிட்டர் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் அதன் எல்லையும் தெரிந்துவிடும். குழந்தையின் இரு அக்குளுக்கும் நேர்கீழே, முலைக்காம்பு மட்டத்துக்குச் சற்றுத் தாழ, பெல்ட்டில் இரண்டு எலக்ட்ரோட்கள். அவற்றின் ஊடே உணரவே முடியாத அளவுக்குச் சிறிய உயர் அதிர்வெண் மின்னோட்டம் பாய்கிறது. மார்பு விரியும்போது மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவான அளவில் ஏறி இறங்கும். கருவி எண்ணுவது அந்த ஏற்ற இறக்கத்தைத்தான். மூக்கு வழியாகக் காற்று போகிறதா என்பது அதற்குத் தெரியாது.

இதிலிருந்து கோளாறுகள் வரிசையாக வருகின்றன. தொண்டை அடைபட்ட குழந்தை மூச்சுக்காகத் திணறும்போது மார்பும் வயிறும் அசைந்துகொண்டே இருக்கும். கருவி அதை மூச்சாக எண்ணி மௌனமாக இருக்கும். கடைசியில் இதயத்துடிப்பு 80-க்கோ, வயதுக்கேற்ப வைத்த 70-க்கோ 60-க்கோ கீழே விழுந்தால்தான் மணி அடிக்கும், அதற்குள் நேரம் போயிருக்கும். மூச்சு மெய்யாகவே நின்றுபோன நேரத்தில் இதயத் துடிப்பால் உண்டாகும் சிறு தடை மாற்றத்தையே மூச்சென்று எடுத்துக்கொள்வதும் உண்டு. உணர்திறனைக் கூட்டினால் இந்தப் பிழை கூடும். குறைத்தால் ஆழமில்லாத நல்ல மூச்சையும் தவறவிட்டு வீணாக அலறும். பெல்ட் தளர்ந்தாலும், தோலில் எண்ணெயோ பவுடரோ இருந்தாலும், எலக்ட்ரோட் உலர்ந்தாலும் அலறும். இரவில் பலமுறை பொய் மணிக்கு எழுந்து அலுத்த வீட்டில் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள், அல்லது கழற்றி வைத்துவிடுவார்கள். நினைவகம் உள்ள மானிட்டர்கள் 1980-களின் பிற்பகுதியில் வந்த பிறகுதான் பெற்றோர் சொன்ன நிகழ்வையும் பதிவான அலையையும் ஒப்பிட வழி பிறந்தது. பெரும்பாலான மணிகள் எலக்ட்ரோட் கோளாறாலோ குழந்தை அசைந்ததாலோ வந்தவை என்பதும் அப்போது வெளிப்பட்டது.

எதிர்ச் சான்றுகள்

பிரிட்டனில் குழந்தை மருத்துவர் டேவிட் சௌத்தால் குழுவினர் செய்ததுதான் ஸ்டைன்ஷ்னைடர் கருதுகோளுக்கு நடந்த முறையான முதல் பெரிய சோதனை. 9,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு 24 மணி நேர மூச்சு, இதயத்துடிப்புப் பதிவு எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு யார் இறக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 29 குழந்தைகள் தொட்டில் மரணத்தில் இறந்தன. 1983-ல் வெளியான முடிவு: நீண்ட மூச்சுநிறுத்தத்தை வைத்து அவர்களை முன்கூட்டியே பிரித்தறிந்திருக்க முடியாது.

1986-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு, உறக்கப் பதிவை எல்லாக் குழந்தைகளுக்கும் வடிகட்டிப் பார்க்கும் சோதனையாகப் பயன்படுத்தக்கூடாது, ஆரோக்கியமான குழந்தைக்கு மானிட்டர் வேண்டியதில்லை என்றது. ‘மயிரிழையில் தப்பிய தொட்டில் மரணம்’ என்ற பழைய பெயரையும் கைவிடச் சொன்னது. 2001-ல் வெளியான சைம் (CHIME) என்ற அமெரிக்க வீட்டுக் கண்காணிப்பு ஆய்வு கேள்வியை ஏறத்தாழ மூடிவிட்டது. அடைப்பையும் காட்டிக்கொடுக்கும் மார்பு, வயிற்றுப் பட்டைகளோடு 1,079 குழந்தைகளை வீட்டிலேயே ஏழு லட்சம் மணி நேரத்துக்கு மேல் கண்காணித்தார்கள். வழக்கமான 20 வினாடி அளவுகோலைத் தாண்டிய நிகழ்வு குறைந்தது ஒன்றாவது 41 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் பதிவானது. அதில் எந்த ஆபத்துக் காரணியும் இல்லாத நிறைமாதக் குழந்தைகளும் உண்டு. 30 வினாடி அளவிலான தீவிர நிகழ்வுகள் குறைமாதக் குழந்தைகளிடம் கூடுதலாக இருந்தன. கருவுற்ற காலத்தையும் சேர்த்து 43 வாரம் ஆனதும் அவர்களும் மற்றவர்களைப் போல ஆகிவிட்டார்கள். தொட்டில் மரணம் உச்சம் தொடுவதோ அந்த 43 வாரத்துக்குப் பின். மூச்சுநிறுத்தம் ஓய்கிற வேளையில் மரணம் தொடங்குகிறது. 2003-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி, தொட்டில் மரணத்தைத் தடுக்கவென்று வீட்டு மானிட்டரை எழுதித் தர வேண்டாம் என்று சொன்னது. கைப்பேசியோடு இணையும் காலுறைக் கருவிகளுக்கும் அந்த அறிவுரை அப்படியே பொருந்தும்.

இத்தனைக்கும் விடை வேறொரு பக்கம் கிடந்தது. குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதற்கும் தொட்டில் மரணத்துக்கும் உள்ள தொடர்பு, அதுவரை வெளியான ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்திருந்தால் 1970-லேயே தெரிந்திருக்கும் என்று 2005-ல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. மாலி சிரக்யூஸ் வார்டில் இருந்த அதே ஆண்டு. யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. நியூசிலாந்து ஆய்வும் பிரிஸ்டலில் பீட்டர் ஃபிளெமிங் குழுவின் ஆய்வும் வந்த பிறகு, 1991 இறுதியில் பிரிட்டன் மல்லாக்கப் படுக்க வைக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. அமெரிக்க அகாதமி 1992-ல் பரிந்துரைத்தது, நாடு தழுவிய இயக்கம் 1994-ல் வந்தது. அமெரிக்காவில் 1992-ல் ஆயிரம் பிறப்புக்கு 1.2 ஆக இருந்த தொட்டில் மரணம் 2001-ல் 0.56 ஆனது. மானிட்டர் விலை ஏதும் இல்லை, அலாரம் இல்லை. அந்தத் தாமதத்துக்கு அதே தொகுப்பாய்வு தந்த மதிப்பீடு: ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகள். இதற்கு ஸ்டைன்ஷ்னைடர் ஒருவரைப் பொறுப்பாக்குவது அநியாயம். நிதியும் ஆய்வகங்களும் மூச்சை எண்ணுவதில் முனைந்திருந்த காலத்தில் படுக்கையைக் கவனிக்க ஆள் குறைந்தது என்று சொல்லலாம்.

வழக்கு

டாலஸைச் சேர்ந்த தடயவியல் நோயியலர் லிண்டா நார்டன் 1986-ல், வேறொரு குழந்தைக் கொலை வழக்குக்காகத் தன்னை அணுகிய சிரக்யூஸ் அரசு வழக்கறிஞர் வில்லியம் ஃபிட்ஸ்பாட்ரிக்கிடம் 1972 கட்டுரையைச் சுட்டிக்காட்டினார். உங்கள் ஊரிலேயே ஒரு தொடர்கொலை நடந்திருக்கலாம் என்பது அவர் தந்த குறிப்பு. ஃபிட்ஸ்பாட்ரிக் மாவட்டத் தலைமை வழக்கறிஞராகி 1992-ல்தான் அதைத் தொடர முடிந்தது. முதலெழுத்துகளையும் இறந்த வயதையும் மருத்துவ ஆவணங்களோடு ஒப்பிட்டு குடும்பத்தைக் கண்டுபிடித்து, டயோகா மாவட்டத்துக்குக் கோப்பு போனது. 1994 மார்ச்சில் விசாரணையின்போது வனீட்டா ஹாய்ட் ஐந்து பேரையும் மூச்சுமுட்டச் செய்ததாக ஒப்புக்கொண்டார். பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 1995 ஏப்ரலில் நடுவர் குழு குற்றவாளி என்றது. தண்டனை 75 ஆண்டு முதல் ஆயுள் வரை. மேல்முறையீடு முடிவதற்கு முன்பே 1998 ஆகஸ்டில் கணையப் புற்றுநோயால் சிறையில் இறந்தார். அதனால் நியூயார்க் சட்டப்படி தீர்ப்பே செயலிழந்தது. ஹாய்ட் தம்பதி பின்னர் தத்தெடுத்த பையன் எந்த மூச்சுக் கோளாறும் இன்றி வளர்ந்து ஆளாகியிருந்தான்.

1997-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ ஆசிரியர் ஜெரால்ட் லூசி, அந்தக் கட்டுரையை வெளியிட்டிருக்கவே கூடாது என்று எழுதினார். ஸ்டைன்ஷ்னைடர் கருதுகோளைக் கைவிடவில்லை. அதே ஆண்டு அதே இதழில் சௌத்தாலின் இன்னொரு ஆய்வும் வந்தது: உயிருக்கு ஆபத்தான மூச்சு நிகழ்வுகள் என்று சொல்லப்பட்டு, சந்தேகம் எழுந்த 39 குழந்தைகளை மருத்துவமனையில் மறைகேமராவில் பார்த்ததில் 33 பேரிடம் துன்புறுத்தல் உறுதியானது, 30 பேரிடம் மூச்சுமுட்ட வைத்த காட்சியே பதிவானது. சந்தேகம் வந்த பிறகு தேர்ந்தெடுத்த குழந்தைகள் இவர்கள் என்பதை மறந்து இந்த எண்ணைப் பொதுவாக நீட்டக்கூடாது.

அப்படி நீட்டியதன் விளைவும் பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் இரு மகன்களைக் கொன்றதாக 1999-ல் தண்டிக்கப்பட்டார். வசதியான, புகைபிடிக்காத வீட்டில் ஒரு தொட்டில் மரணத்துக்கு 8,543-ல் ஒன்று வாய்ப்பு, இரண்டுக்கு அதன் வர்க்கம், அதாவது ஏழு கோடியே முப்பது லட்சத்தில் ஒன்று என்று குழந்தை மருத்துவர் ராய் மெடோ சாட்சி சொன்னார். உடன்பிறந்தவர்கள் ஒரே மரபணுவையும் ஒரே வீட்டையும் பகிர்பவர்கள். இரண்டு நிகழ்வுகளும் தனித்தனியானவை அல்ல, பெருக்கியதே தவறு. இரண்டு பிள்ளைகளையும் ஒரு தாய் கொல்வது எவ்வளவு அரிது என்பதோடு அந்த எண்ணை ஒப்பிடவும் இல்லை. இரண்டாம் குழந்தையின் மாதிரிகளில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி வளர்ந்திருந்த ஆய்வக அறிக்கை எதிர்த்தரப்புக்குத் தரப்படவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. 2003-ல் விடுதலை. ஆஸ்திரேலியாவில் கேத்லீன் ஃபோல்பிக், நான்கு குழந்தைகளின் மரணத்துக்காக 2003-ல் சிறை போனவர், 2023-ல் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார்; இறந்த இரு மகள்களிடமும் கால்மோடுலின்-2 மரபணுவில் ஒரு மாற்றம் கண்டறியப்பட்டிருந்தது, அது இதயத் துடிப்பைத் திடீரெனக் குலைக்க வல்லது.

ஹாய்ட் வழக்கையும் ஃபோல்பிக் வழக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், குடும்பத்தில் எத்தனை குழந்தை இறந்தது என்ற எண்ணிக்கை இரண்டு பக்கமும் எதையும் நிரூபிப்பதில்லை. உடலிலும் ஆவணத்திலும் என்ன எடுத்து வைக்கப்பட்டது என்பதுதான் தீர்மானிக்கிறது.

இன்று கையாளும் விதம்

மூச்சு நின்றது, நிறம் மாறியது என்று தூக்கி வரும் குழந்தை இப்போது முழுக்கத் தெளிந்திருந்தால், நிகழ்வு ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருந்தால், பரிசோதனையில் விளக்கம் எதுவும் கிடைக்காவிட்டால், 2016 அமெரிக்க வழிகாட்டி அதைக் குறைந்த ஆபத்து, கூடுதல் ஆபத்து என்று பிரிக்கிறது. குறைந்த ஆபத்துக்கு உரிய நிபந்தனைகள் இவை: வயது 60 நாளுக்கு மேல். கருக்காலம் 32 வாரத்துக்குக் குறையாமல் பிறந்து, அதையும் சேர்த்து 45 வாரம் நிறைந்திருத்தல். இதுவே முதல் நிகழ்வு. பயிற்சி பெற்றவர் உயிர்மீட்பு செய்யத் தேவைப்படாதது. சந்தேகத்துக்குரிய வரலாறோ உடற்குறியோ இல்லாதது. எல்லாம் பொருந்தினால் பெற்றோருக்கு விளக்கம், உயிர்மீட்புப் பயிற்சி, சிறிது நேரக் கவனிப்பு போதும்; இரத்தப் பரிசோதனைகளின் பட்டியலும் வீட்டு மானிட்டரும் வேண்டாம்.

கேள்வி கேட்கும் முறையில் ஒரு பழக்கம் முக்கியம். தொடக்கத்தைப் பார்த்தது யார், முடிவை மட்டும் பார்த்தது யார் என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். நிகழ்வின் தொடக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் தனியாக இருக்கும்போது மட்டுமே நடந்திருந்தால், பால் குடிக்கும் நேரமா, உறக்கமா, யார் கையில் என்பதோடு அதையும் எழுதி, குழந்தைப் பாதுகாப்புக் குழுவிடம் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் இருக்கும்போது நர்ஸ் குறிப்புகளும் மானிட்டர் நினைவகப் பதிவும் நேரத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும் அதே வேலையின் பகுதி.

மரணம் நேர்ந்துவிட்டால் எலும்புகள் அனைத்துக்கும் எக்ஸ்ரே, முழு பிரேதப் பரிசோதனை, கிருமி வளர்ப்பு, நச்சு ஆய்வு, வளர்சிதைக் கோளாறுக்கான பரிசோதனை, உறங்கிய இடத்தில் பொம்மையை வைத்துக் கிடந்த நிலையை மறுபடி அமைத்துப் பார்த்தல். அவற்றோடு, உறையவைத்த திசுவோ இரத்தமோ மரபணுச் சோதனைக்காக எடுத்து வைக்கப்பட வேண்டும், குறிப்பாக இதயத் துடிப்பு மரபணுக்களுக்காக. ஃபோல்பிக் குழந்தைகளின் மரபணுவைப் பல ஆண்டுகள் கழித்துப் படிக்க முடிந்ததே அவர்களின் மாதிரிகள் மிஞ்சியிருந்ததால்தான். எரிக், ஜூலி, ஜேம்ஸ் விஷயத்தில் சிரக்யூஸ் மருத்துவர்களுக்குக் கிடைத்தது குடும்ப வரலாறு என்ற தலைப்பின் கீழ் சில வரிகள் மட்டுமே.